அவரைப் பந்தல்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

முல்லைக்குத் தேர் தந்த பாரியின் கதையைப் பள்ளியில் படிக்காத தமிழ் மாணவர் எவரும் இரார். பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்த ஒரு முல்லைக் கொடியைக் கண்டு, தான் ஏறி வந்த தேரையே அதற்குக் கொடுத்துவிட்டுச் சென்றான் பறம்பு மலைத் தலைவன் பாரி. எட்டாம் வகுப்பில் நான் இப்பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் அமர்ந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்த என் தந்தை தலை நிமிராமலே கேட்டார்:

“ஏன்டா தம்பி, அந்த ராஜாகிட்ட ஒரு கத்தி இல்லாமலா இருந்திருக்கும்? ரெண்டு கழி வெட்டி நட்டுட்டுப் போயிருக்கலாமே. தேருக்குச் சக்கரம் இருக்கு. காத்தடிச்சா நகரும். கொடி அறுந்துடுமே!”

மறுநாள் இதைத் தமிழாசிரியரிடம் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். “பாரி கணக்குப் பார்த்துக் கொடுத்தவன் அல்லன், கண்டவுடன் கொடுத்தவன். அதுதான் அவன் பெருமை” என்றார். அன்று ஆசிரியர் சொன்னதே சரி என்று எண்ணினேன். என் தந்தை சொன்னதும் சரி என்று அறிய எனக்கு ஆறேழு ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் இம்மலரில் எழுத விரும்புகிறேன்.

என் தந்தை பந்தல் போடும் தொழிலாளி. செய்யாற்றுப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பதினேழு வயதில் தாம்பரத்துக்கு வந்தவர். மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். கலியாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், இழவு வீடு எதுவானாலும், தாம்பரம், பெருங்களத்தூர், சேலையூர், மாடம்பாக்கம் என்று எத்திசையிலிருந்து அழைப்பு வந்தாலும், சவுக்குக் கழிகளையும் கயிற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். பிறர் வீட்டு நன்மை தீமைகளுக்கு நிழல் கொடுத்தே எங்களை வளர்த்தார்.

இதை இவ்வளவு தெளிவாக இங்கே எழுதுகிறேனே, முதலாமாண்டின் முதல் நாள் வகுப்பில் என்னை அறிமுகப்படுத்திக் கொண்டபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அப்பா கான்ட்ராக்டர்.” பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பர்களுக்கு இது நினைவிருக்கலாம். அவர்கள் நம்பினார்கள். நான் அந்தப் பொய்க்குள் வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.

உண்மையில் அந்த நாளில் என் தந்தை காலில் மாவுக் கட்டுடன் படுத்திருந்தார். 2024ஆம் ஆண்டு வைகாசியில் ஒரு திருமணப் பந்தலில் ஏணி சறுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. வேலைக்கு அழைத்தவர் அன்று ஆட்டோவுக்குக் காசு கொடுத்தார். அதன்பின் அவரை நாங்கள் பார்க்கவில்லை. மூன்று மாதம் நடக்கக்கூடாது, இனி உயரத்தில் ஏறவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். என் தாய் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் வளாகத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் வேலை செய்கிறார். அந்த ஒரு சம்பளத்தில் வீடு நடக்க வேண்டும். கல்லூரி வேண்டாம், அப்பாவுக்குப் பதில் நான் பந்தல் வேலைக்குப் போகிறேன் என்றேன்.

அப்பா கோபித்து நான் பார்த்தது அபூர்வம். அன்று கோபித்தார். “கயித்தத் தொட்டே, கைய ஒடிச்சுடுவேன். நீ கீழ நின்னு படிச்சாப் போதும். மேல ஏறுற வேல என்னோட முடியட்டும்” என்றார். அதற்கு முன்னும் அவர் என்னைக் கயிற்றைத் தொட விட்டதில்லை. பந்தல் முடிச்சு ஒன்றைக்கூட எனக்குக் கற்றுத் தந்ததில்லை. ஆகவே கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டப் படிப்பு வகுப்பில் உட்காரும் முதல் ஆள் நான்.

எங்கள் வீடு முடிச்சூரில் இருக்கிறது. பின்புறம் பன்னிரண்டடிக்குப் பத்தடி வெறும் மண். அந்த ஆடியில் அம்மா ஒரு கைப்பிடி அவரை விதையைக் கொடுத்து, “காய்கறி விக்கிற விலையில ரெண்டு கொடியாவது ஏத்தி விடுடா” என்றார். ஆடிப் பட்டம் தேடி விதைப்பது ஏன் என்பதைத் தாவரவியல் மாணவன் சொல்ல வேண்டாமா? பந்தலில் படரும் நாட்டு அவரை பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் விதைத்தால் ஐப்பசி வரை கொடியோடி, கார்த்திகையில் பூத்து, தைப் பொங்கலுக்குக் காய் தரும். இது எனக்குத் தெரிந்திருந்தது. பந்தல் போடத்தான் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்கவும் அச்சம். பழைய இரும்புக் கடையில் நான்கு அங்குலப் பிளாஸ்டிக் குழாய்கள் வாங்கி வந்து, பசை பூசி ஒட்டி, மேலே இரும்புக் கம்பியை விறைப்பாக இழுத்து முறுக்கி, ஆணி அடித்த பெட்டி போல ஒன்று செய்தேன். வரைபடம் போட்டுச் செய்தது! தட்டிப் பார்த்தேன்; அசையவில்லை. பெருமையாக இருந்தது.

கொடி வளர்ந்தது. ஆனால் குழாயில் ஏறவில்லை. வழுக்கி வழுக்கிக் காலடியில் சுருண்டது. நானே கையால் சுற்றி விட்டேன். மறுநாள் அவிழ்ந்து கிடந்தது. மீண்டும் சுற்றினேன், மீண்டும் அவிழ்ந்தது. பின்கட்டில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அப்பா பல நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்:

“நீ சுத்துறது தப்புப் பக்கம். அது கடியார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாத்தான் சுத்தும். பாத்துக்கிட்டே இருக்கேன். பத்து மணிக்குத் தண்ணி லாரி வரும்போது நுனி வடக்கே பாக்குது. ஒரு வட்டம் போட்டுட்டு மறுபடி வடக்கே வரும்போது பன்னெண்டு அடிக்குது. தடிக் குழாய அதால புடிக்க முடியாது. பக்கத்துல ஒரு சணல் கட்டி விடு.”

சணல் கட்டினேன். மூன்றாம் நாள் கொடி பந்தலின் தலையைத் தொட்டது.

இது நடந்து சில வாரங்களுக்குப் பின் வகுப்பில் தாவரங்களின் அசைவுகள் பற்றிப் பாடம் நடந்தது. நம் பேராசிரியர் ஹாப் என்ற ஒரு கொடியைப் பற்றிச் சொன்னார். நாம் யாரும் பார்த்திராத கொடி அது. குளிர்காலமும் நீண்ட கோடைப் பகலும் அதற்கு வேண்டும். நம் நாட்டில் இமாசலத்தின் லாகவுல் பள்ளத்தாக்கில் அதைப் பயிரிட்டிருக்கிறார்கள். அதன் பெண் பூங்கொத்துதான் பீர் என்னும் மதுவுக்குக் கசப்பும் மணமும் தருவது என்று அவர் சொன்னபோது கடைசி வரிசையில் எழுந்த ஆரவாரத்தை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் என் மனம் வேறொன்றில் நின்றது. சார்லஸ் டார்வின் 1865இல் ஏறுகொடிகளைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வுரை வெளியிட்டார். அதில் அவர் முதலில் எடுத்துக்கொண்டது இந்த ஹாப் கொடியைத்தான். உடல்நலமின்றி அறையிலேயே அடைந்து கிடந்த நாட்களில், தொட்டியில் வளர்ந்த ஹாப் கொடியின் நுனி வட்டமிடுவதை இரவும் பகலும் நோக்கினார். வெப்பமான நாட்களில் பகலில் ஒரு சுற்றுக்குச் சராசரி 2 மணி 8 நிமிடம் என்று குறித்தார். ஹாப் கடிகார முள்ளின் திசையில் சுற்றும். அவரை இனங்களும் வேறு பெரும்பாலான பின்னுகொடிகளும் அதற்கு எதிர்த்திசையில் சுற்றும். தடித்த கம்பங்களைப் பல பின்னுகொடிகளால் சுற்றி ஏற முடியாது என்பதும் அந்நூலில் உள்ளது.

எனக்கு மெய் சிலிர்த்தது. நோயில் படுத்திருந்த ஓர் அறிஞர் ஹாப் கொடியில் கண்டதை, கால் முறிந்து படுத்திருந்த என் தந்தை அவரைக் கொடியில் கண்டிருந்தார். அவருக்குக் கிடைத்த கருவி தண்ணீர் லாரியும் சுவர்க் கடிகாரமும் மட்டுமே. அவர் இதையெல்லாம் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுத அவருக்குத் தெரியாது.

அன்று மாலை அவரிடம் ஓடி இதைச் சொன்னேன். டார்வின் வாழ்ந்த டவுன் என்ற ஊர் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருந்தது. அந்தப் பகுதியே ஹாப் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. அங்கே ஆண்டுதோறும் கொடி தரை வரை பட்டு, வேரிலிருந்து மீண்டும் தழைக்கும். ஆகவே ஆண்டுதோறும் உயரக் கம்பிகளில் புதுக் கயிறு கட்ட வேண்டும். அந்த வேலைக்காரர்கள் ஒரு காலத்தில் பொய்க்கால் கட்டிக்கொண்டு நடந்தபடியே கயிறு கட்டினார்கள் என்றும் சொன்னேன். அப்பா ரசித்துச் சிரித்தார். “பொய்க்கால்ல நின்னா? அடேயப்பா! நம்ம ஆளுங்க ஏணி இல்லாமலே கழியப் புடிச்சு ஏறிடுவானுங்க” என்றார். பிறகு தம் காலைப் பார்த்துக்கொண்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

இவ்வளவு வியந்த நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே பருவத்தில் நம் கல்லூரியில் ஒரு விழா. மைதானத்தில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். நண்பர்களோடு அவ்வழியே போனேன். மேலே குறுக்குக் கழியில் உட்கார்ந்திருந்தவர் அப்பாவோடு பல ஆண்டு வேலை செய்தவர். என்னைத் தோளில் சுமந்தவர். “தம்பி! அப்பாவுக்குக் கால் எப்படி இருக்கு?” என்று கூவினார். நண்பர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் கேளாதவன் போல நடந்துவிட்டேன். “உன்னையா கூப்பிட்டார்?” என்று ஒருவன் கேட்டான். “இல்லை, வேற யாரையோ” என்றேன். அன்றிரவு சோறு இறங்கவில்லை. அவர் என் தந்தையிடம் அதைச் சொல்லவுமில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நம் பக்கத்திலும் காற்றும் மழையும் கடுமை. முடிச்சூர்க்காரர்களுக்கு மழை என்றாலே 2015 டிசம்பர் வெள்ளம் நினைவுக்கு வரும். அடையாறு பெருகி எங்கள் தெருவில் படகு ஓடிய நாட்கள் அவை. அப்போது அப்பா நான்கு பிளாஸ்டிக் பீப்பாய்களைச் சவுக்குக் கழிகளோடு பிணைத்து மிதவை செய்து, பக்கத்து வீட்டுப் பாட்டியை மேட்டுக்குக் கொண்டு சேர்த்தார். அந்தக் கட்டு ஒன்றுகூட அவிழவில்லை. இப்புயலில் வீட்டுக்குள் நீர் வரவில்லை. ஆனால் இரவு பத்து மணி இருக்கும், பின்புறம் படாரென்று ஓசை கேட்டது. அசையாத என் பந்தல் ஒட்டு விட்டுப் பிளந்து தரையோடு படுத்திருந்தது. கார்த்திகை மாதம், கொடி முழுவதும் மொட்டும் பூவும். விளக்கைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்று அழுதேன். அழுதது அவரைக்காக மட்டுமல்ல.

விடிந்ததும் அரிவாளை எடுத்தேன். கொடியை அறுத்து அகற்றிவிட்டு மீண்டும் தொடங்கலாம் என்பது என் எண்ணம். அப்பா கோலை ஊன்றி வெளியே வந்தார்.

“அறுக்காதடா. வேர் நல்லாத்தான் இருக்கு. கொடி கெடக்கிற எடத்துலயே கெடக்கட்டும். பந்தல அதுக்கு அடியில கட்டலாம்.”

பிறகு நான் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். தாம் யாரையும் தொட விடாத கயிற்றுச் சுருளை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“கீழ நின்னுதான கட்டப் போற. கட்டு” என்றார்.

ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். எட்டடிச் சவுக்குக் கழிகள் ஆறு. மண்ணுக்குள் போகும் முனையைத் தீயில் லேசாகக் கருக்க வேண்டும். கடப்பாரையால் இரண்டடிக் குழி. கழியை இறக்கிச் சுற்றிலும் செங்கல் உடைசலும் மணலும் மாறி மாறிப் போட்டு இடிக்க வேண்டும். வெறும் மண்ணைத் தள்ளினால் மழையில் இளகிவிடும். நான்கு மூலைகளுக்கும் சாய்வாக முட்டு. உயரம் ஆறடி, நின்றபடி கை எட்டிக் காய் பறிக்க வேண்டும், ஏணி கூடாது. இதைச் சொன்னபோது அப்பாவின் குரல் சற்று மாறியது.

குறுக்குக் கழிகளைக் கட்டும் முறைதான் வேலையின் உயிர். தேங்காய் நார்க் கயிற்றை முதலில் நீரில் ஊற வைத்தால் முரண்டு பிடிக்காமல் வளைந்து கொடுக்கும். கழியும் கழியும் கூடும் இடத்தில் நான்கு சுற்று. அதன்பின் அந்தச் சுற்றுகளையே நடுவில் வளைத்து இரண்டு சுற்று. இந்த நடுச் சுற்று இறுக இறுக முதல் சுற்றுகளும் சேர்ந்து இறுகும். கடைசியில் இழுத்தால் அவிழும் ஒரு சுருக்கு. ஏன் அவிழும் முடிச்சு என்று கேட்டேன். “நாளைக்கு ஒரு கழி உளுத்துப் போனா மாத்த வேணாமா? அவுக்கத் தெரியாத கட்டு கட்டே இல்ல” என்றார்.

கவை பிரிந்த கொம்புகளால் கொடிப் படலைச் சிறிது சிறிதாகத் தூக்கி, தூக்கிய இடத்தில் கழி நட்டு, குறுக்கே கட்டி, அடுத்த பக்கம் போனோம். மேலே ஓரடிக் கட்டங்களாகக் கயிறு. தனித்துத் தொங்கிய தண்டுகளை அம்மா தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த பனியன் துணிக் கழிவால் தளர்வாகக் கட்டினோம். அத்துணி இழுத்தால் நீளும். தண்டு பருத்தாலும் அறுக்காது. இரண்டு நாள் ஆயிற்று. முடிந்ததும் கையால் தள்ளிப் பார்த்தேன். பந்தல் ஆடியது. கலங்கிப் போனேன்.

“ஆடணும்” என்றார் அப்பா. “காத்துக்கு ஆடுற பந்தல் நிக்கும். ஆடாத பந்தல் விழும்.”

டார்வினின் நூலில் இதற்கும் ஓர் இடம் இருக்கிறது. நம் கோவைக்கொடியின் குடும்பத்தைச் சேர்ந்த பிரயோனி என்ற கொடி, புயற் காற்றில் என்ன ஆகிறது என்று காணவே அவர் வெளியே போயிருக்கிறார். வேலியின் கிளைகள் அலைக்கழிந்தபோதும் கொடி அறுபடவில்லை. காரணம், அதன் பற்றுக்கம்பிகள் பிடித்த பின் பாதி ஒரு புறமும் மறுபாதி எதிர்ப்புறமுமாகச் சுருண்டு கம்பிச்சுருள் போல ஆகிவிடுகின்றன. காற்று இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். பீர்க்கிலும் பாகலிலும் இந்த இரட்டைச் சுருளை யாரும் காணலாம். பிடிப்பது வேறு, விறைத்து நிற்பது வேறு என்பதைக் கொடி அறிந்திருக்கிறது. என் தந்தை அறிந்திருக்கிறார். நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

விழுந்த கொடியின் இலைகளில் பாதி பழுத்து உதிர்ந்தன. மார்கழி நடுவில் புதுத் தளிரும் பூவும் வந்தன. 2025 பொங்கல் குழம்புக்கு எங்கள் பந்தல் அவரை. தெருவில் நான்கு வீடுகளுக்கும் கொடுத்தோம்.

அந்த ஆண்டு கல்லூரி ஆண்டு விழாவுக்கு மீண்டும் மைதானத்தில் கழிகள் வந்து இறங்கின. அதே அண்ணன் மேலே இருந்தார். இம்முறை அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானே நண்பர்களோடு அருகில் போய், “அண்ணே, அப்பா நல்லா இருக்காரு. கோல் இல்லாமலே நடக்கிறாரு” என்றேன். நண்பர்களிடம் திரும்பி, “எங்க அப்பாவோட சேர்ந்து பந்தல் போடுறவர்” என்றேன். அவர்கள் பெரிதாக ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. “அப்படியா?” என்று கேட்டுவிட்டுக் கழியைத் தூக்க ஒரு கை கொடுத்தார்கள். இதற்காகவா ஓராண்டு பயந்தேன்? அண்ணன் மேலேயிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கயிற்றின் ஒரு முனையை என் பக்கம் எறிந்தார். பிடித்துக்கொண்டேன்.

இப்போது அப்பா உயரத்தில் ஏறுவதில்லை. கழிகளும் கயிறுகளும் வைத்திருக்கும் கிடங்கில் கணக்குப் பார்க்கிறார். கூலி முன்பு வாங்கியதில் பாதி. கணக்கை எழுதுவது மாலையில் நான். இந்த ஆண்டுப் பந்தலில் அவரையோடு புடலையும் ஏறியிருக்கிறது. காய் வளையாதிருக்க நுனியில் சிறு கல் கட்டித் தொங்க விட்டிருக்கிறோம். இரண்டாமாண்டுப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் ‘பந்தல் தொழில்’ என்று எழுதினேன். எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “அதுல என்ன இருக்கு?” என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, நம்மில் பலர் நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நாம் ஏறிவந்த பந்தலை யாரோ கட்டியிருக்கிறார்கள். அதன் கால்கள் மண்ணுக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாரியிடம் தேர் இருந்தது, கொடுத்தான். எங்கள் வீட்டில் தேர் இல்லை. கழி வெட்டி, குழி தோண்டி, இடித்து, கட்டி, காற்றுக்கு ஆட விட்டு நிறுத்திய ஒரு பந்தல் இருக்கிறது. அதற்குச் சக்கரம் இல்லை. அது நகராது.